பொருளில் குறை இல்லை

எட்டிப் பாக்கேன்னு தப்பா நினைக்காதீங்க தம்பி. தாம்பரம் தாண்டினதுல இருந்து நீங்க அந்த வாட்ச் படத்தையே பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டு வாரீங்க. வீட்டுலயும் போன் போட்டுக் கேட்டீங்க, இவ்வளவு காசு குடுத்து வாங்கினா தகுமான்னு. நான் காதைக் குடுத்துக் கேக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தா விழத்தானே செய்யும்.

வெர்லான் வாட்ச்தானே அது? நீலக் கலர் முகம், மூணு மணிக்குப் பக்கத்துல தேதி, பின்னாடி கண்ணாடி வச்சு உள்ள சக்கரம் ஓடுறது தெரியும். எனக்கு நல்லாத் தெரியும். அந்த வாட்ச்சைப் பத்தி என்னளவுக்கு விசாரிச்ச ஆளு எங்க ஜில்லாவுலயே இருக்க முடியாது.

நான் ஈ.பி.யில ஸ்டோர்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவ. ரஞ்சிதம் மேடம்னா அங்க எல்லாருக்கும் தெரியும். கம்பி, கிளாம்பு, டிரான்ஸ்ஃபார்மர் ஆயில், எது வாங்கினாலும் மூணு இடத்துல கொட்டேஷன் கேட்டு, எது உழைக்கும், எது ஒரு மழைக்கே துருப்பிடிக்கும்னு பாத்துச் சொல்லுறது என் வேலை. விலை குறைச்சல்னு எதையும் வாங்க மாட்டேன். விலை கூடுதல்னு எதையும் தள்ளவும் மாட்டேன். குடுக்கிற காசுக்கு அது என்ன திருப்பிக் குடுக்கும்? அதான் கேள்வி. மனுஷங்களைத்தான் கணக்குப் போட முடியாது, பொருளைப் போட்டுரலாம்.

அதனால என் பேச்சை நம்பலாம். நல்ல பொருள். நானே வாங்கியிருக்கேன். எனக்கு இல்ல, என் தம்பிக்கு.

ஆசீர்னு பேரு. எனக்கும் அவனுக்கும் வயசு வித்தியாசம் நிறைய. எங்க அம்மாவுக்கு இடையில ரெண்டு பிள்ளை தங்கல. அப்பா போனப்ப அவன் சின்ன கிளாஸ்ல இருந்தான். அம்மாவும் அதுக்குப் பொறவு ரொம்ப நாள் இருக்கல. பொறவு நான்தான். அவனுக்குச் சட்டை எடுக்கதுல இருந்து பரிட்சைக்கு எழுப்பி விடுறது வரைக்கும் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகலையான்னு கேப்பீங்க. ஆகல. ஒருத்தர் வந்தாரு, நாசரேத்துக்காரர், ரயில்வேயில வேலை. பையனை ஹாஸ்டல்ல சேத்துருவோம்னாரு. அதோட பேச்சு நின்னுட்டு. இதை நான் ஆசீர்கிட்ட ஒரு நாளும் சொல்லிக் காட்டினது கிடையாது. சொல்லாம இருக்க முடியாத சமயத்துல ஏதோ ரெண்டு மூணு தடவை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுக்கிற படிப்பு படிக்க வச்சேன். ஆளைப் படுக்க வச்சுக் குழாய்க்குள்ள தள்ளி எடுப்பாங்களே, பெரிய காந்தம் வச்ச மிஷின், அது. எங்க ஊரு பாளையங்கோட்டையிலயே ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலையும் கிடைச்சுது. பொறவு கல்யாணம். ஹெப்சின்னு ஒரு பிள்ளை, அங்கேயே ரிசப்ஷன்ல இருந்தா. அவங்களே பேசி முடிவு பண்ணிக்கிட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லல. சரின்னு சொல்ல எனக்குக் கொஞ்ச நாளாச்சு.

அந்த வருஷம்தான் எனக்கு ரிட்டையர்மென்ட். கையில பணம் வந்துது. வீட்டை இடிச்சுக் கட்டுன்னாங்க, பேங்க்குல போடுன்னாங்க. நான் ஒரே முடிவா இருந்தேன், ஆசீருக்குக் கல்யாணத்துக்கு ஒரு பொருள் வாங்கிப் போடணும். எங்க குடும்பத்துல யாரும் போட்டிருக்கக் கூடாது. பாக்கிற எவனும், இது யாரு வாங்கிக் குடுத்ததுன்னு கேக்கணும். செயின் எல்லாரும் போடுதாங்க. மோதிரம் எல்லாரும் போடுதாங்க. அப்பத்தான் ஒரு பத்திரிகையில இந்த வாட்ச் விளம்பரத்தைப் பாத்தேன்.

மெட்ராஸுக்கு வந்து மூணு கடை ஏறி இறங்கினேன். உள்ள போனா ஏசி, சோபா, குடிக்க ஜூஸ். கையில வெள்ளைத் துணி உறை மாட்டிக்கிட்டு ஒரு பையன் வாட்ச்சை எடுத்து வச்சான். "இது டைம் பாக்கிறதுக்கு மட்டும் இல்ல மேடம், தலைமுறைக்கும் வரும்"னான். அதெல்லாம் இருக்கட்டும், சர்வீஸுக்கு என்ன ஆகும், பாகம் உடைஞ்சா எங்க கிடைக்கும், தண்ணியில எவ்வளவு ஆழம் தாங்கும், திருப்பி வித்தா என்ன போகும்னு நான் ஒண்ணொண்ணாக் கேட்டேன். அந்தப் பையனுக்கு வேர்த்துட்டு, அந்த ஏசியிலயும். மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் வந்து, "மேடம், இவ்வளவு விவரமா யாரும் கேட்டதில்ல"ன்னாரு. கடைசியில, ஒரு சின்ன காருக்கு ஆகிற காசு. எடுத்து வச்சேன்.

கல்யாணத்தன்னைக்கு ரிசப்ஷன் மேடையில வச்சுக் குடுத்தேன். மைக்ல பேசிட்டிருந்தவருகிட்ட முன்னாடியே விவரம் சொல்லி வச்சிருந்தேன். அவரு, "மணமகனின் சகோதரி அன்பளிப்பாக வழங்குவது சுவிட்சர்லாந்து நாட்டுக் கைக்கடிகாரம்"னு சொல்லி, விலையையும் சொன்னாரு. விலையைச் சொல்லச் சொல்லி நான் எழுதிக் குடுக்கல. வாயால சொன்னேன், அவ்வளவுதான். ஹால் முழுக்க ஒரு சத்தம் வந்துது பாருங்க! ஆசீர் முகம் அப்பிடியே சிவந்து போச்சு. சந்தோஷம். அவன் சின்னதுல இருந்தே அப்பிடித்தான், சந்தோஷம்னா தலையைக் குனிஞ்சுக்கிடுவான்.

அவன் கையில ஏற்கெனவே ஒரு வாட்ச் கட்டியிருந்தான். சாதா வாட்ச், தோல் வாரு. நிச்சயத்துக்கு ஹெப்சி வாங்கிக் குடுத்ததாம். "இது எதுக்குல இனி"ன்னு நானே கழட்டி என் பைக்குள்ள போட்டுக்கிட்டு, இதைக் கட்டி விட்டேன். ஹெப்சி சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னா. போட்டோவுல பாத்தாத் தெரியும். அந்தப் பழசை நான் பொறவு எங்க தெரு பால்காரருக்குக் குடுத்துட்டேன். ரொம்ப நாள் கழிச்சு ஆசீர் அதைக் கேட்டான். அது எதுக்குலன்னேன். "சும்மாதான்க்கா"ன்னான்.

இந்த டீயைக் குடிங்க தம்பி, ஆறிப்போகுது.

அந்த வாட்ச்சைப் பத்திக் குறை சொல்லணும்னா ஒண்ணே ஒண்ணுதான். அதுல பேட்டரி கிடையாது. கையில கட்டி நடமாடினாத்தான் ஓடும். கழட்டி வச்சா ரெண்டு நாளைக்குள்ள நின்னுரும். அது குறை இல்ல, அதுதான் அதோட பெருமைன்னு கடையில சொன்னாங்க. ஆனா ஆசீருக்கு அதைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போக முடியாது. அந்தக் காந்தம். ஒரு நாள் மறந்தாப்புல கட்டிக்கிட்டு மிஷின் பக்கத்துல போயிருக்கான், வாட்ச் தறிகெட்டு ஓட ஆரம்பிச்சுட்டு. நான் அதை எடுத்துக்கிட்டு மெட்ராஸ் போயி சரி பண்ணிட்டு வந்தேன். கடையில காந்தத்தை எடுக்கிற ஒரு பெட்டி மேல வச்சு எடுத்தாங்க, சரியாயிட்டு, காசுகூட வாங்கல. பாத்தீங்களா, அதுதான் கம்பெனி!

ஆசீர்கிட்ட சொன்னேன், "ஏல, வேற செக்ஷனுக்கு மாத்திக் கேளு. சாதா எக்ஸ்ரேக்குப் போ." அவன், "அக்கா, நான் இந்த மிஷினுக்குத்தான் படிச்சேன்"னான். படிக்க வச்சது யாரு? நான் கேக்கல. மனசுக்குள்ள நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆராதனை முடிஞ்சு நேரா அவன் வீட்டுக்குத்தான் போவேன். பெருமாள்புரத்துல வாடகை வீடு, மாடியில. ஆட்டோ சத்தம் கேட்டதும் உள்ள காலடி ஓடுற சத்தம் கேக்கும். நான் படியேறி வரும்போது ஹெப்சி அந்த வாட்ச்சைக் கொண்டாந்து அவன் கையில மாட்டிக்கிட்டிருப்பா. எனக்கு எவ்வளவு மரியாதை பாருங்க. ஆனா என்னை ஏமாத்த முடியாது. நான் தேதியைப் பாப்பேன். ஞாயித்துக்கிழமை அன்னைக்கு அது போன வாரத் தேதியில நிக்கும். "ஏன்ல, ஒரு வாரமாக் கையில ஏறவே இல்லியா"ம்பேன். ஹெப்சிதான், "மைனி, அலமாரியில பத்திரமா வச்சிருந்தோம்"பா. அலமாரியில வைக்கவா வாங்கினேன்? கோபப்பட மாட்டேன். சாப்பிடாம எந்திரிச்சு வந்துருவேன். அவ்வளவுதான் என் கோபம்.

நான் அவங்ககிட்ட ஒரு பைசா எதிர்பாத்தது கிடையாது தம்பி. ஒரு புடவை கேட்டது கிடையாது. அந்த வாட்ச்சைக் கட்டிக்கோன்னு மட்டும்தான் கேட்டேன்.

பொறவு ஹெப்சி உண்டானா. நான் பூண்டு, மிளகு, நாட்டுக்கோழி எல்லாம் வாங்கிக் கொண்டு போயிக் குடுத்தேன். ஏழாம் மாசம் முடியல, நான் பென்ஷன்காரங்க சங்கத்துக் கூட்டத்துக்குன்னு திருச்சி போயி பத்து நாள் தங்கிட்டேன். திரும்பி வந்ததும் கோயில் அக்கா ஒருத்தி சொல்லுதா, "உங்க தம்பி பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்துட்டாமே, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களாமே"ன்னு. எனக்கு ஒரு வார்த்தை இல்ல. பிறந்து ஒரு வாரம் ஆயிட்டாம். எனக்கு எப்பிடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. ஊரெல்லாம் தெரிஞ்ச பொறவு எனக்குத் தெரியுது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூணாவது மாடி. கண்ணாடிக் கதவு, வெளியில வரிசையா நாற்காலி. ஆசீர் ஓரத்துல உக்காந்திருந்தான். கசங்கின சட்டை, தாடி. என்னைப் பாத்ததும் எந்திரிச்சான். ஒரு பிளாஸ்டிக் கப்புல டீ வச்சிருந்தான், அதைக் கீழ வைக்கக் குனிஞ்சான். அப்பத்தான் பாத்தேன், கை வெறுங்கையா இருந்துது.

"வாட்ச் எங்கல?"ன்னேன்.

"வித்துட்டேன்க்கா."

"எவ்வளவுக்கு?"

சொன்னான். பாதி விலை தம்பி! பாதிகூட இல்ல! பெட்டியும் பில்லும் கேரண்டி கார்டும் சேத்துக் குடுத்திருக்கான். பெட்டியோட வித்தா அதுக்குத் தனி மதிப்பு, அது தெரியல.

"எத்தனை இடத்துல கேட்ட?"

"ஒரு இடத்துலதான். மதுரையில இருந்து ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போனாரு. பிள்ளைக்கு நுரையீரலுக்கு ஏதோ மருந்து போடணும்னாங்கக்கா, அன்னைக்கே போடணும்னாங்க."

"ஒரு இடத்துல மட்டும் கேட்டு எவனாவது விப்பானால? நான் உனக்குச் சொல்லித் தரல? மூணு இடத்துல கேக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என் சத்தம் கூடிட்டு போலருக்கு. அங்க உக்காந்திருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும், நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே. "எங்கிட்டக் கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனால?"

ஆசீர் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான். "குடுத்திருப்பக்கா. கேட்ட உடனே குடுத்திருப்ப. அதான் கேக்கல."

இது என்ன பேச்சு? உங்களுக்கு விளங்குதா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. குடுப்பேன்னு தெரியும், அதனால கேக்கல. யாராவது அப்பிடிச் சொல்லுவாங்களா?

"எவன்கிட்ட வித்த? நம்பரைக் குடு"ன்னேன். போனை எடுத்துக் காட்டினான், நான் குறிச்சுக்கிட்டேன். அந்த நேரத்துல நர்ஸ் கதவைத் திறந்து, "பேபி ஆஃப் ஹெப்சி, அட்டெண்டர் வாங்க"ன்னு கூப்பிட்டா. ஆசீர் செருப்பைக்கூடக் கழட்டாம ஓடினான். நர்ஸ் திட்டினா, திரும்பி வந்து கழட்டிட்டு ஓடினான். ஒருத்தருக்குத்தான் அனுமதியாம். நான் வெளியில உக்காந்தேன். சரி, நாளைக்கு நாம பாத்துக்கிடலாம், பிள்ளை எங்க போயிரப் போகுதுன்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில போன் வந்துது.

பெண் பிள்ளை. நான் பாக்கல தம்பி. உயிரோட நான் பாக்கல.

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. இந்த ஏசி காத்து நேரா முகத்துக்கு வருது.

அடக்கத்துக்குக் கொஞ்சம் பேருதான் வந்தாங்க. பெட்டி இவ்வளவுதான், ஷூ வாங்கினா ஒரு பெட்டி குடுப்பாங்களே, அதை விடக் கொஞ்சம் பெருசு. ஆசீரே மடியில வச்சுக் காருல கொண்டாந்தான். ஹெப்சியை வர வேண்டாம்னு எல்லாரும் சொன்னோம், அவ கேக்கல, ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சிருந்தாங்க. பாஸ்டர் ஜெபம் ஆரம்பிச்சாரு. அப்பத்தான் என் போன் அடிச்சுது. அந்த மதுரை வியாபாரி. காலையில இருந்து நான் அவருக்கு விடாமப் போட்டுக்கிட்டிருந்தேன், அவரு அப்பத்தான் திருப்பிக் கூப்பிடுதாரு. நான் எடுக்கலன்னா வேற ஆளுக்குப் போயிரும்லா? கல்லறைத் தோட்டத்து கேட் பக்கத்துல வந்து பேசினேன். மெதுவாத்தான் பேசினேன். அந்த வாட்ச்சை யாருக்கும் குடுத்துராதீங்க, நான் வாரேன், நீங்க சொல்லுற விலைக்கு எடுத்துக்கிடுதேன்னு சொல்லிட்டுத் திரும்பினா, மண்ணு போட்டு முடிச்சுட்டாங்க. ஆசீர் என்னைப் பாத்துக்கிட்டு நின்னான். கையில மண்ணு. நான் அவன் பக்கத்துல போயி, "கவலைப்படாதல, வாட்ச் கிடைச்சுட்டு"ன்னேன்.

அவனுக்குத் தைரியமா இருக்கட்டும்னுதான் சொன்னேன்.

அதுக்குப் பொறவு அவன் எங்கிட்டப் பேசல. பேசலன்னா ஒரேயடியாப் பேசலன்னு இல்ல. போன் போட்டா முதல்ல எடுப்பான், "சாப்பிட்டியாக்கா, மாத்திரை போட்டியா"ன்னு கேப்பான், வச்சுருவான். பொறவு அதுவும் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை போனா வீடு பூட்டிக் கிடக்கு. கீழ் வீட்டுக்காரங்க சொல்லுதாங்க, காலி பண்ணிட்டு மெட்ராஸ் போயிட்டாங்கன்னு. அங்க பெரிய ஸ்கேன் சென்டர்ல வேலையாம். என்கிட்டச் சொன்னா நான் தடுத்துருவேனா? தடுத்திருப்பேன், சரி. ஆனா சொல்லியிருக்கலாம்.

நான் மதுரைக்குப் போயி வாட்ச்சை வாங்கிட்டு வந்துட்டேன். அந்த வியாபாரி புதுசு விலைக்கிட்ட வாங்கிட்டான். இதை ஏன் சொல்லுதேன்னா, நீங்க கேட்டீங்கள்லா, காசுக்குத் தகுமான்னு. தகும். விக்கத் தெரியாதவன் வித்தாப் பாதி போகும். தெரிஞ்சவன்கிட்ட விலை இறங்கவே இறங்காது. ஆசீர் கையில இருந்து போகும்போது பாதி, எனக்குத் திரும்பி வரும்போது முழுசு. அதே வாட்ச்தான். ஒரு கீறல் இல்ல.

அதை எடுத்துக்கிட்டுத்தான் முந்தாநாள் மெட்ராஸுக்கு வந்தேன். விலாசத்தைக் கோயில்ல ஒருத்தங்க மூலமாக் கேட்டு வாங்கினேன். அவன் முகத்தை நேருல பாத்துக் குடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்னு எனக்கு நம்பிக்கை. பிள்ளை போயிட்டு, அதைக் கொண்டு வர முடியாது. அவன் இழந்ததுல கொண்டு வர முடிஞ்சது இது ஒண்ணுதான். அதைக் கொண்டு வந்தேன். அதுல என்ன தப்பு?

குரோம்பேட்டைப் பக்கம் சின்ன வீடு. ஹெப்சிதான் கதவைத் திறந்தா. இளைச்சுப் போயிருந்தா. "வாங்க மைனி"ன்னா. ஆசீர் குளிச்சுட்டு வந்தான். என்னைப் பாத்து முகம் சுளிக்கல. "எப்பிடி வந்தக்கா, சொல்லியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்"னான். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுட்டு. உடனே பையைத் திறந்து பெட்டியை எடுத்து மேஜை மேல வச்சேன்.

அவன் திறந்து பாத்தான். எடுக்கல. தொடக்கூட இல்ல. மூடினான். மெதுவா என் பக்கம் தள்ளி வச்சான்.

"எனக்கு இது வேண்டாம்க்கா."

"ஏன்ல? அதே வாட்ச்தான்ல. பின்னாடி பொறிச்ச நம்பரைச் சரி பாத்துத்தான் வாங்கினேன்."

"தெரியும்க்கா. வேண்டாம்."

"உனக்காக நான் எவ்வளவு கஷ்டப்பட்டு…"

"அக்கா." சத்தமே இல்லாமத்தான் சொன்னான். "கையெடுத்துக் கும்பிடுதேன். அதைப் பைக்குள்ள வை."

நான் எடுத்து வச்சேன். ஹெப்சி காப்பி கொண்டாந்து வச்சா. பேச்சை மாத்துவோமேன்னு சுவரைப் பாத்தேன். ஒரு சின்ன ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தாங்க. வெள்ளைக் காகிதத்துல ரெண்டு கறுப்பு அடையாளம், பக்கத்துப் பக்கத்துல. புளிய இலை நுனி மாதிரி ஏதோ.

"இது என்ன படம்?"ன்னு கேட்டேன். "நல்லாருக்கே. எங்க வாங்கினீங்க?"

ஆசீர் எந்திரிச்சு உள்ள போயிட்டான்.

ஹெப்சிதான் சொன்னா. "அவ காலு மைனி. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா மையில தொட்டு எடுத்துக் குடுத்தாங்க."

காப்பி டம்ளரைக் கீழ வச்சுட்டேன். கிட்டப் போயிப் பாத்தேன். அஞ்சு விரலும் இருந்துது தம்பி. ஒவ்வொண்ணும் ஒரு புள்ளி. ஒரு காலு என் கட்டைவிரல் அளவுகூட வராது.

ஹெப்சி எனக்குப் பின்னாடி நின்னா. அவ என்கிட்ட ஒரு நாளும் எதுத்துப் பேசினது கிடையாது. அன்னைக்கும் எதுத்துப் பேசல. சும்மா கேட்டா. "அவ பேரு உங்களுக்குத் தெரியுமா மைனி?"

"பேரா? பேரு வச்சிருந்தீங்களா?"

"பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஞானஸ்நானம் குடுத்தாரு. அடக்கத்துலயும் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணினாரு."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"நீங்க கேக்கல மைனி"ன்னா. கோபமாச் சொல்லல. உப்புப் போடலன்னு சொல்லுற மாதிரி சொன்னா. சொல்லிட்டு டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

பொறவும் பேரு என்னன்னு நான் கேக்கல. எப்பிடிக் கேக்க? ராத்திரி அங்கேயே படுத்தேன். நேத்தும் இருந்தேன். ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க. நான் அந்தக் காலுக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தேன். சமைச்சு வச்சேன், நல்லாருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டாங்க. இன்னைக்கு ஆசீர் லீவு போட்டுட்டு வந்து ரயில் ஏத்தி விட்டான். பையைத் தூக்கிட்டு வந்து, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து, சீட்டுப் பக்கத்துல நின்னான். "பாத்துப் போக்கா"ன்னான். எப்ப வருவேன்னு கேக்கல. வான்னும் சொல்லல. வண்டி கிளம்பும்போது வெளியில நின்னு கையைக் காட்டினான், அந்த வெறுங்கையை.

வாட்ச் இந்தா இருக்கு, பைக்குள்ள. பாக்கீங்களா? பாருங்க. கூச்சப்படாதீங்க, எடுத்துப் பாருங்க. பின்னாடி திருப்புங்க, சக்கரம் தெரியும். எவ்வளவு நேர்த்தி பாருங்க. நீங்க வாங்குறதுன்னா வாங்குங்க. பொருள்ல ஒரு குறையும் கிடையாது. நான் இவ்வளவு பாத்து, இவ்வளவு விசாரிச்சு வாங்கின பொருள். எங்க தப்பாச்சுன்னு முந்தாநாள்ல இருந்து யோசிச்சுப் பாக்கேன். பொருள்ல தப்பு இல்ல. விலையில தப்பு இல்ல. கடையில தப்பு இல்ல. அப்பம் என்ன?

அதை உள்ள வச்சுருங்க தம்பி. எனக்குப் பாக்க வேண்டாம்.

ஒரு உதவி செய்வீங்களா? உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு கால். என் நம்பருன்னா இப்பம் எடுக்க மாட்டான். புது நம்பருன்னா எடுப்பான், ஸ்கேனுக்கு யாரும் கூப்பிடுதாங்களோன்னு. நம்பர் நான் சொல்லுதேன், நீங்களே போடுங்க.

போகுதா? குடுங்க.

ஆசீரு? நான்தாம்ல, அக்கா. வைக்காத. வச்சுராத. ரயில்ல பக்கத்துல இருக்க தம்பி போன்ல பேசுதேன். இல்ல, அதைப் பத்தி இல்ல. அது கிடக்கட்டும். வேற ஒண்ணு கேக்கணும்.

பிள்ளைக்கு என்ன பேரு வச்சீங்கல?